ரிமோட் தண்ணீரில் விழுந்தது

மின்விசிறி என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? சுவரில் ஒரு சுவிட்ச். அதன் பக்கத்தில் ஒரு ரெகுலேட்டர். ரெகுலேட்டரைத் திருகினால் வேகம் கூடும். திருப்பித் திருகினால் வேகம் குறையும். பல ஆண்டுகளாக நாம் பழகியது இதுதான்.

இப்போது வேறு ஒரு வகை விசிறி வந்திருக்கிறது. இதற்கு ரெகுலேட்டர் இல்லை. கையில் பிடிக்கும் சிறிய ரிமோட் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் விசிறி ஓடும். இன்னொரு பட்டனை அழுத்தினால் நிற்கும். 1 முதல் 5 அல்லது 6 வரை வேகம் மாற்றலாம். கடைக்காரர்கள் இதை 'பி.எல்.டி.சி. ஃபேன்' என்று சொல்வார்கள்.

இந்த விசிறி மின்சாரத்தை மிச்சப்படுத்தும். பழைய வகை விசிறி முழு வேகத்தில் ஓடினால் சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும். புதிய வகை சுமார் 30 வாட் எடுக்கும். 2012ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் உள்ள வெர்சா டிரைவ்ஸ் என்ற நிறுவனம் 35 வாட் விசிறி ஒன்றைச் செய்து விற்றது. அதன் பெயர் சூப்பர்ஃபேன். அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் இந்த வகையைச் செய்யத் தொடங்கின. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் கூரை விசிறிகளில் நட்சத்திர லேபிள் கட்டாயமாகிவிட்டது. நட்சத்திரம் கூடுதலாக இருந்தால் மின்சாரச் செலவு குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விசிறி ஒரு நாளில் 12 மணி நேரம் ஓடுகிறது.
பழைய விசிறி: 75 x 12 = 900.
புதிய விசிறி: 30 x 12 = 360.
மிச்சம்: 900 - 360 = 540.
1000 சேர்ந்தால் 1 யூனிட். ஆகவே ஒரு நாளில் அரை யூனிட்டுக்கும் சற்று மேலே மிச்சம்.
30 நாளில் 16 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

தெலங்கானாவில் 2024ஆம் ஆண்டு மார்ச் முதல், தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மாதம் 200 யூனிட் வரை மின்கட்டணம் இல்லை. 195 யூனிட்டில் நிற்பதா, 211 யூனிட்டுக்குப் போவதா என்பது அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய விஷயம். அங்கே 16 யூனிட் என்பது சின்னக் கணக்கு அல்ல.

ஆனால் ரிமோட் கெட்டுப்போனால் என்ன செய்வது?

மாரெட்பள்ளியில் ஒரு வீடு

ஹைதராபாத் நகரத்தில், செகந்திராபாத் பக்கத்தில் மாரெட்பள்ளி இருக்கிறது. கிழக்கு மாரெட்பள்ளி, மேற்கு மாரெட்பள்ளி என்று இரண்டு பகுதிகள். தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே இருக்கின்றன. செகந்திராபாத்தில் 1806ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயரின் படைமுகாம் இருந்தது. படையோடும், ரயில்வே வேலையோடும் தமிழர்கள் வந்து தங்கினார்கள்.

மேற்கு மாரெட்பள்ளியில் ஒரு வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் செகந்திராபாத் ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். மாலையில் எழுத்துப் படிக்கப் போகிறார். கணவரின் அம்மாவுக்கு முழங்கால் வலி. எழுந்து நடக்க முடியாது. பகல் முழுவதும் கட்டிலில்தான். மருமகள் அவரை 'அத்தை' என்று கூப்பிடுகிறார்.

வீட்டில் ஒரே ஒரு விசிறி. அது ரிமோட் விசிறி. அத்தை படுத்தபடியே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அதற்காகத்தான் கடன் வாங்கி அந்த விசிறியை வாங்கினார்கள்.

மே மாதம். ஹைதராபாத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் காலம். காலையில் குளிராக இருக்கிறது என்று அத்தை விசிறியை 1இல் வைத்தார். ரிமோட்டைத் தலையணை உறைக்குள் செருகி வைத்தார். அன்று துணி துவைக்கும் நாள். மருமகள் உறையை உருவினார். சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டார். ரிமோட் உள்ளே இருந்தது யாருக்கும் தெரியாது.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. விசிறி 1இலேயே மெதுவாகச் சுற்றியது. ரிமோட் வாளிக்குள் கிடந்தது.

"எல்லாம் என்னால்தான்மா" என்றார் அத்தை.

"நீங்க சும்மா இருங்க அத்தை. முதல்ல உங்களுக்குக் காத்து வரணும்" என்றார் மருமகள்.

நனைந்த ரிமோட்டை என்ன செய்வது?

முதலில் பேட்டரியை வெளியே எடுக்க வேண்டும். பட்டனை அழுத்திப் பார்க்கக் கூடாது. ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் உள்ளே உள்ள பலகை கெட்டுப்போகும்.

பிறகு மூடியைத் திறந்து, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் என்றால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை துடைக்கலாம். சோப்பு தங்கினால் துரு பிடிக்கும். பிறகு நிழலில், காற்றுப் படும் இடத்தில் இரண்டு நாள் வைக்க வேண்டும். அடுப்புப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

நன்றாக உலர்ந்த பிறகு புதிய பேட்டரி போட்டுப் பார்க்கலாம். சில ரிமோட் பிழைத்துக்கொள்ளும். சில பிழைக்காது.

அத்தைக்கு இரண்டு நாள் காத்திருக்க முடியுமா? முடியாது. ஆகவே வேறு வழி தேட வேண்டும்.

சுவர் சுவிட்ச் உதவுமா?

இந்த வகை விசிறிகள் பலவற்றில் ஒரு வசதி உண்டு. சுவர் சுவிட்சை நிறுத்தி, உடனே மறுபடியும் போட்டால் வேகம் ஒரு படி மாறும். இன்னொரு முறை செய்தால் இன்னொரு படி மாறும். எல்லா விசிறியிலும் இது இல்லை. சிலவற்றில் சுவிட்சைப் போட்டால் பழைய வேகத்திலேயே ஓடும். விசிறியோடு வந்த சிறு புத்தகத்தில் இது எழுதியிருக்கும். புத்தகம் இல்லை என்றால் இரண்டு மூன்று முறை மெதுவாகச் செய்து பார்க்கலாம்.

மருமகள் செய்து பார்த்தார். அவர்கள் வீட்டு விசிறி மாறவில்லை. 1இலேயே சுற்றியது.

அப்போது அவருக்கு ஒன்று நினைவு வந்தது. மூன்றாவது வீட்டில் இதே விசிறி இருக்கிறது. ஒரே கடையில், ஒரே வாரத்தில் வாங்கியது. அந்த வீட்டு அக்காவிடம் ரிமோட்டை வாங்கி வந்தார். விசிறியை நோக்கிப் பிடித்தார். 4ஐ அழுத்தினார்.

விசிறி வேகமாகச் சுற்றியது.

இதில் இரண்டு லாபம். ஒன்று, அத்தைக்குக் காற்று வந்தது. விசிறி 4இல் நின்றுவிட்டது. ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தாலும் 4இல்தான் ஓடும். இரண்டாவது லாபம் இதைவிடப் பெரியது. விசிறி நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கெட்டது ரிமோட் மட்டும்தான். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். ஏணி போட்டு விசிறியைக் கழற்ற வேண்டாம்.

ஒரே நிறுவனம், ஒரே மாடல் என்றால் பெரும்பாலும் ஒரு வீட்டு ரிமோட் இன்னொரு வீட்டு விசிறிக்கும் வேலை செய்யும். ஒரே அறையில் அப்படி இரண்டு விசிறி இருந்தால் அது தொல்லை. ஒன்றை நிறுத்தினால் இரண்டும் நிற்கும்! ஆனால் இப்படி அவசரத்துக்கு அதுவே உதவி.

ரிமோட் எப்படிப் பேசுகிறது?

அந்தக் காலத்தில் செகந்திராபாத் படைமுகாமின் பெரிய பங்களாக்களில் கூரையில் நீளமான துணி விசிறி தொங்கும். அதற்கு 'பங்கா' என்று பெயர். ஒரு கயிறு சுவர் வழியாக வெளியே போகும். வெளியே தாழ்வாரத்தில் ஒருவர் உட்கார்ந்து அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார். உள்ளே துரைக்குக் காற்று. வெளியே இவருக்கு வியர்வை. 1880களில் அமெரிக்காவில் பிலிப் டீல் என்பவர் தையல் மெஷின் மோட்டாரை வைத்து மின்சாரக் கூரை விசிறி செய்தார். மின்சாரம் வந்த பிறகுதான் இந்தக் கயிறு இழுக்கும் வேலை மெல்ல ஒழிந்தது.

ரிமோட்டும் அமெரிக்காவில்தான் வளர்ந்தது. 1956ஆம் ஆண்டில் ராபர்ட் ஆட்லர் என்ற பொறியாளர் டி.வி.க்கு ஒரு ரிமோட் செய்தார். அதற்குப் பேட்டரியே வேண்டாம். பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும். காதுக்குக் கேட்காத ஒலி வரும். டி.வி. அந்த ஒலியைப் புரிந்துகொள்ளும்.

இன்றைய ரிமோட் ஒலியில் பேசுவதில்லை. பெரும்பாலும் ஒளியில் பேசுகிறது. அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு அகச்சிவப்பு ஒளி என்று பெயர். ரிமோட்டின் முனையில் ஒரு சிறு பல்ப் இருக்கும். பட்டனை அழுத்தினால் அது வேக வேகமாக மின்னும். இந்த மின்னல்தான் மொழி. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வகை மின்னல். விசிறியின் அடியிலோ மேல் கிண்ணத்திலோ ஒரு சிறு கறுப்புக் கண் இருக்கும். அது இந்த மின்னலைப் படிக்கும்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மொழி வேறு. ஆகவே ஒரு நிறுவனத்தின் ரிமோட்டை இன்னொரு நிறுவனத்தின் விசிறி புரிந்துகொள்ளாது. ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் மொழி மாறலாம்.

சில விசிறிகளின் ரிமோட் ஒளியில் பேசாது. ரேடியோ அலையில் பேசும். அதன் முனையில் பல்ப் இருக்காது. பக்கத்து அறையிலிருந்து அழுத்தினாலும் வேலை செய்யும். இந்த வகையில் புதிய ரிமோட் வாங்கினால் அதை விசிறியோடு 'இணைக்க' வேண்டும். சுவிட்சைப் போட்ட சில நொடிக்குள் ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். எந்தப் பட்டன், எத்தனை நொடி என்பது மாடலுக்கு மாடல் வேறு. ரிமோட் பெட்டியில் உள்ள தாளைப் பார்க்க வேண்டும்.

செல்போனில் ஒரு சோதனை

அகச்சிவப்பு ஒளியை நம் கண் பார்க்காது. ஆனால் செல்போன் கேமரா பார்க்கும். கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே பிடித்து, பட்டனை அழுத்துங்கள். போன் திரையில் பல்ப் வெள்ளையாகவோ ஊதாவாகவோ மின்னினால் ரிமோட் பேசுகிறது என்று பொருள். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள். சில போன்களில் பின் கேமரா இந்த ஒளியைத் தடுத்துவிடும். (ரேடியோ ரிமோட்டுக்கு இந்தச் சோதனை உதவாது.)

பல்ப் மின்னவில்லையா? அப்போது ரிமோட்டில்தான் கோளாறு. புதிய பேட்டரி போட்டுப் பாருங்கள். பேட்டரியில் + என்றும் - என்றும் குறி இருக்கும். ரிமோட்டின் உள்ளேயும் அதே குறி இருக்கும். + குறி + பக்கம் வர வேண்டும். பழைய பேட்டரி ஒன்று, புதிய பேட்டரி ஒன்று என்று கலந்து போடக் கூடாது. பேட்டரி தொடும் கம்பியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி கசிந்தால் அப்படிப் பூக்கும். பஞ்சில் சிறிது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஈரம் இல்லாமல் துடைத்துவிடலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பல்ப் மின்னுகிறது, விசிறி கேட்கவில்லை என்றால் சுவர் சுவிட்சை நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் போடுங்கள். அறையில் நேர் வெயில் அடித்தால் ஜன்னலை மூடிவிட்டு அழுத்திப் பாருங்கள். விசிறியின் கறுப்புக் கண்ணில் தூசி படிந்திருந்தால் சுவிட்சை நிறுத்திவிட்டுத் துடைக்கலாம். இதெல்லாம் செய்தும் ஓடவில்லை என்றால் விசிறியின் பலகையில் கோளாறு இருக்கலாம். அதை மெக்கானிக் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சில ரிமோட்டுகளில் காசு போன்ற வட்ட பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உயிருக்கே ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

150 ரூபாய் போன கதை

மாலையில் கணவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"ரிமோட்தானே? நான் வாங்கிட்டு வரேன்" என்று போனார். பக்கத்துக் கடையில் ஒரு ரிமோட்டை எடுத்துக் கொடுத்தார்கள். வெள்ளை நிறம். அதே அளவு. அதே பட்டன்கள். 150 ரூபாய். பில் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அழுத்தினார். விசிறி அசையவில்லை. கேமராவில் பார்த்தார்கள். பல்ப் மின்னுகிறது. ரிமோட் பேசுகிறது. ஆனால் வேறு மொழி பேசுகிறது.

கணவர் திரும்பிப் போனார். "இது எங்க கடையில வாங்கினதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார் கடைக்காரர். பில் இல்லை. 150 ரூபாய் போனது.

கணவருக்குக் கோபம். "இந்த விசிறியே வேண்டாம். தவணையில வேற வாங்கிடலாம்" என்றார்.

புதிய விசிறி சுமார் 3000 ரூபாய். பழைய கடனே இன்னும் முடியவில்லை.

"கொஞ்சம் பொறுங்க. கம்பெனிக்குப் போன் செஞ்சு கேக்கலாம்" என்றார் மருமகள்.

கணவர் செல்போனில் கம்பெனி பெயரைத் தேடினார். முதலில் வந்த எண்ணை அழுத்தினார். மறுபக்கம் ஒருவர் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"ரிமோட் இலவசமா அனுப்புறோம் சார். பதிவுக் கட்டணம் 10 ரூபாய்தான். ஒரு லிங்க் அனுப்புறேன். அதுல இருக்கிற ஆப்பை இறக்குங்க. உங்க பின் நம்பரைப் போடுங்க."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மருமகள் உள்ளே போனார். பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். அதில்தான் ரேஷன் அட்டை, கரண்ட் பில், விசிறியின் காரண்டி அட்டை எல்லாம் இருக்கிறது. காரண்டி அட்டையில் ஒரு போன் நம்பர் அச்சாகி இருந்தது. ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தார். கணவரின் போனில் இருந்த நம்பரையும் படித்தார்.

இரண்டும் வேறு வேறு.

"போனை வைங்க" என்றார்.

கணவர் போனை வைத்தார். அவர் கணக்கில் இருந்தது 8400 ரூபாய். ஆட்டோ இன்சூரன்சுக்குச் சேர்த்த பணம்.

இது போன்ற மோசடி இப்போது நிறைய நடக்கிறது. மோசடிக்காரர்கள் கம்பெனி பெயரில் பொய் நம்பர்களை இணையத்தில் போட்டு வைக்கிறார்கள். நம்பரை விசிறியின் பெட்டியிலோ, காரண்டி அட்டையிலோ, கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ பார்த்துத்தான் எடுக்க வேண்டும். யாரோ சொன்ன ஆப்பை இறக்கினால், உங்கள் போன் திரையை அவர் தூரத்திலிருந்து பார்க்க முடியும். பின் நம்பரைப் போடுவது பணம் கொடுப்பதற்கு. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இது இணைய மோசடி பற்றிப் புகார் செய்யும் அரசு எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

காரண்டி அட்டை என்ன சொன்னது?

மறுநாள் மருமகள் சமையல் வேலை செய்யும் வீட்டு அம்மாவிடம் அட்டையைக் காட்டினார். அது ஆங்கிலத்தில் இருந்தது. அந்த அம்மா படித்துச் சொன்னார். விசிறிக்கு 2 ஆண்டு காரண்டி. ரிமோட்டுக்கு 1 ஆண்டுதான். பில்லில் தேதி பார்த்தார்கள். வாங்கி 14 மாதம் ஆகியிருந்தது. மேலும், தண்ணீரில் விழுந்தது கம்பெனியின் குறை அல்ல. தொலைந்த ரிமோட்டுக்கும் இதே கதைதான். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

காலம் முடியாமல் இருந்து, ரிமோட் தானாகக் கெட்டிருந்தால்? அப்போது மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் 2 ஆண்டுக்குள் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். ஒரு ரிமோட்டுக்காக வழக்கு வரை யாரும் போகமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு 1915 என்று சொன்னாலே சில கடைகளில் பேச்சு மாறும்.

எழுதி எடுத்துப் போன சீட்டு

விசிறியின் மோட்டார் மேல் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். பெட்டியிலும் பில்லிலும் அதே விவரம் இருக்கும். நிறுவனத்தின் பெயர், மாடல், வரிசை எண், தயாரித்த மாதம் எல்லாம் அதில் உண்டு. மாடல் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டால் அப்படியே பார்த்து வரைந்துகொள்ளலாம். போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். லேபிளைப் பார்க்க ஸ்டூலில் ஏறினால் முதலில் விசிறியை நிறுத்த வேண்டும்.

மருமகள் பெட்டியைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதினார்:

விசிறியின் பெயர்
மாடல்
வாங்கிய தேதி
ரிமோட்டில் எத்தனை பட்டன்
முனையில் பல்ப் உண்டா, இல்லையா

ஒவ்வொன்றுக்கும் எதிரே விவரம் எழுதினார். எழுத அரை மணி நேரம் ஆனது. கெட்டுப்போன ரிமோட்டையும் பையில் போட்டுக்கொண்டார். அதன் பின்பக்கத்திலும் ஒரு எண் அச்சாகி இருந்தது.

காரண்டி அட்டையில் இருந்த கம்பெனி நம்பருக்குப் போன் செய்தார்கள். ரிமோட் உண்டு, வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வாரம் முழுக்க மூன்றாவது வீட்டுக்கு நடக்க முடியுமா? ஆகவே கோட்டிக்குப் போக முடிவு செய்தார்.

ஹைதராபாத்தில் கோட்டி பெரிய கடைவீதி. அங்கே ட்ரூப் பஜாரில் மின்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. குஜராத்தி கல்லி என்ற சந்தில் டி.வி., ரேடியோ, ரிமோட் போன்றவற்றின் பாகங்கள் கிடைக்கும். மாரெட்பள்ளிக்குப் பக்கத்தில் பரேட் மைதானத்தில் மெட்ரோ ஏறினால் சுல்தான் பஜாரில் இறங்கி நடக்கலாம். இந்தப் பாதையில் 2020ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மெட்ரோ ஓடுகிறது. பஸ்ஸும் உண்டு.

"ஃபேன் ரிமோட் காவாலி அண்ணா" என்று தெலுங்கில் கேட்டு, சீட்டை நீட்டினார்.

கடைக்காரர் சீட்டைப் படித்தார். பழைய ரிமோட்டைத் திருப்பி, பின்பக்க எண்ணைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு ரிமோட்டைக் கொண்டு வந்தார். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தன. மருமகள் தானும் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தார். பேட்டரி போடச் சொல்லி, போன் கேமராவில் பல்ப் மின்னுவதைப் பார்த்தார். உறையின் மேல் அச்சிட்ட விலையைப் படித்தார். விலை 250 ரூபாய். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

"விசிறி வீட்டுல இருக்கு. இங்க ஓட்டிப் பாக்க முடியாது. ஓடலேன்னா மாத்தித் தருவேன்னு பில்லுல எழுதிக் கொடுங்க" என்றார்.

கடைக்காரர் சிரித்தார். எழுதிக் கொடுத்தார். மருமகள் அதை அங்கேயே நின்று வாசித்தார். தெலுங்கு எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் தேதியும், 250 என்ற எண்ணும், மாடல் எண்ணும் சரியாக இருந்தன. எழுதிய வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் அத்தை கையில் ரிமோட்டைக் கொடுத்தார். அத்தை 5ஐ அழுத்தினார். விசிறி வேகம் எடுத்தது. காலண்டர் தாள்கள் படபடவென்று பறந்தன. அத்தை 3ஐ அழுத்தினார்.

மருமகள் ரிமோட்டின் முனையில் பல்ப் மறையாமல், பின்பக்கம் ஒரு நாடாவைக் கட்டினார். நாடாவின் மறுமுனையைக் கட்டில் காலில் கட்டினார்.

செய்யக் கூடாத ஒன்று

ரிமோட் கிடைக்கவில்லை என்று சிலர் இந்த விசிறிக்குப் பழைய ரெகுலேட்டரை மாட்டிவிடுகிறார்கள். இது தவறு. இந்த விசிறியின் உள்ளே ஒரு மின்பலகை இருக்கிறது. அது வீட்டு மின்சாரத்தை மாற்றி மோட்டாருக்குக் கொடுக்கிறது. அதற்கு முழு மின்சாரம் வேண்டும். ரெகுலேட்டர் மின்சாரத்தைக் குறைத்தோ வெட்டியோ அனுப்பும். பலகை சூடாகிக் கெட்டுப்போகும். பலகையின் விலை ரிமோட்டைவிட அதிகம். சுவரில் ஏற்கெனவே ரெகுலேட்டர் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதை இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

சில வீடுகளில் பழைய வகை விசிறிக்கே ஒரு சிறு பெட்டி வைத்து ரிமோட் போட்டிருப்பார்கள். அங்கே கதை வேறு. ரிமோட் போனால் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய ரெகுலேட்டரையே மாட்டிக்கொள்ளலாம். எந்த வகை என்று தெரியாவிட்டால் லேபிளில் வாட் எவ்வளவு என்று பாருங்கள். 70, 75 என்று இருந்தால் பழைய வகை. 28, 30, 35 என்று இருந்தால் புதிய வகை.

கம்பி இணைக்கும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். சுவர் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. மெயினையும் நிறுத்திய பிறகே எலக்ட்ரீஷியன் கை வைக்க வேண்டும். அவர் அவசரப்பட்டாலும் நீங்கள் மெயினை நிறுத்திவிடுங்கள்.

பயிற்சி

1. உங்கள் வீட்டு விசிறியின் பெட்டியை அல்லது பில்லைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், மாடல், வாட், வாங்கிய தேதி ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள்.

2. ஒரு வீட்டில் 75 வாட் விசிறி 2 இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாளைக்கு 10 மணி நேரம் ஓடுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் செலவு? 30 வாட் விசிறி 2 என்றால் எத்தனை யூனிட்? 30 நாளில் மிச்சம் எவ்வளவு?

3. கணவர் வாங்கிய 150 ரூபாய் ரிமோட் ஏன் வேலை செய்யவில்லை? அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க முடியாததற்குக் காரணம் என்ன?

4. 1930, 1915. இந்த இரண்டு எண்களையும் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். எந்த எண் எதற்கு என்று பக்கத்தில் எழுதுங்கள்.